மருந்து ஆய்வில் முனைவர் பட்டம்: பயிற்சிக்கு யார் பொறுப்பு?



'டாக்டர்' என்ற சொல்லைக் கேட்டதும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புத் தொங்கும் ஒருவர்தாம் நம் நினைவுக்கு வருகிறார். "என் மகள் மருந்து அறிவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள்" என்று ஒரு தாய் பெருமையோடு சொன்னால், பக்கத்து வீட்டு அம்மாள், "அப்படியா, எந்த ஆஸ்பத்திரியில்?" என்று கேட்பது இயல்பு. தாய்க்கு அதற்கு உடனே விடை சொல்லத் தெரிவதில்லை. மகளே வந்து விளக்கினாலும், "நோயாளியையே பார்க்காத டாக்டரா?" என்ற ஐயம் அந்த அம்மாளை விட்டுப் போவதில்லை.

இந்த ஐயத்தை நாம் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. நோயாளியைப் பார்க்கும் டாக்டரின் படிப்பைப் பலர் சோதிக்கிறார்கள். மருத்துவ மன்றம் சோதிக்கிறது, அரசாங்கம் சோதிக்கிறது, பத்து ஆண்டுகள் கழித்தும் அவர் தவறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. நோயாளியைப் பார்க்காமல், ஆனால் நோயாளி விழுங்கும் மாத்திரையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போகிறவரின் பயிற்சியைச் சோதிப்பவர் யார்? இன்று நாம் ஆராயவிருப்பது இதைத்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தர அங்கீகாரம் என்று நாம் இங்கே குறிப்பிடுவது மாணவர் கையில் கிடைக்கும் சான்றிதழை அன்று. ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் பயிற்சியை, அந்தத் தொழிலைச் சேர்ந்த வெளியார் குழு ஒன்று நேரில் வந்து பார்த்து, "இது போதிய தரமுடையது" என்று அந்தப் பயிற்சிக்கே வழங்கும் ஒப்புதலைத்தான் அவ்வாறு சொல்கிறோம். ஒப்புதல் என்றென்றைக்கும் ஆனதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குழு மீண்டும் வரும். குறை கண்டால் எச்சரிக்கும். திருந்தாவிட்டால் ஒப்புதலைத் திரும்பப் பெறும்.

மருந்துத் துறையில் இந்த ஏற்பாடு மிக வலுவாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே மருந்தாளுநர் கல்விக்கென 1932ஆம் ஆண்டிலேயே ஓர் அங்கீகாரக் குழு அமைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஏ.சி.பி.இ. மருந்தாளுநராக விரும்புகிறவர் அங்கே 'பார்ம்.டி.' என்ற பட்டம் பெற வேண்டும். அதுவும் டாக்டர் பட்டம்தான். ஆனால் தொழில் செய்வதற்கான டாக்டர் பட்டம். 2000ஆம் ஆண்டளவில் பழைய இளங்கலைப் பட்டத்தின் இடத்தை இந்தப் பட்டம் எடுத்துக்கொண்டது. இந்தக் குழுவின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவருக்கு உரிமத் தேர்வின் கதவே திறக்காது எனலாம்.

அதே கல்லூரியில், அதே கட்டடத்தின் மேல்மாடியில் இன்னொரு டாக்டர் பட்டம் நடந்துகொண்டிருக்கும். அது ஆராய்ச்சிக்கான பி.எச்.டி. பட்டம், அதாவது முனைவர் பட்டம். ஒரு மாத்திரை வயிற்றில் எவ்வளவு நேரத்தில் கரைகிறது, ஒரு மருந்து வெப்பத்தில் எவ்வாறு சிதைகிறது, இரத்தத்தில் அதன் அளவு எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பவற்றை நான்கைந்து ஆண்டுகள் ஆராய்கிறவர்கள் அந்த மாடியில் இருக்கிறார்கள். ஏ.சி.பி.இ. குழுவினர் கீழ்மாடிக்கு வருவார்கள். மேல்மாடியின் பட்டத்துக்கு அவர்கள் அங்கீகாரம் வழங்குவதில்லை. பல்கலைக்கழகம் முழுமைக்கும் கிடைக்கும் பொதுவான அங்கீகாரமே அதற்குப் போதும் என்பது வழக்கம்.

ஆராய்ச்சிப் பட்டங்களை அங்கீகரிப்பது எங்குமே நடவாத காரியம் என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்க உளவியல் சங்கம் நோயாளிகளைக் கவனிக்கும் உளவியலாளர்களின் முனைவர் பயிற்சியை 1940களின் இறுதியிலிருந்தே அங்கீகரித்து வருகிறது. அங்கே காரணம் வெளிப்படை: அந்த முனைவர் நாளை ஒரு நோயாளியின் எதிரே அமரப் போகிறார். மருந்து அறிவியல் முனைவர் யாருக்கும் எதிரே அமரப் போவதில்லை. எனவேதான் அவருடைய பயிற்சி அவசரமான விஷயமாக எவருக்கும் தோன்றவில்லை. ஆனால் எதிரே அமர்பவரின் தவற்றால் துன்புறுவோர் சிலர். ஆய்வுக்கூடத்தில் இருப்பவரின் தவற்றால் துன்புறுவோர் எத்தனை பேர் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. நேயர்கள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'எலிக்சிர் சல்பானிலமைடு' என்ற ஒரு திரவ மருந்து விற்பனைக்கு வந்தது. சல்பானிலமைடு அக்காலத்தில் தொற்றுநோய்களுக்குப் பயன்பட்ட நல்ல மருந்து. மாத்திரையாக விழுங்க இயலாத குழந்தைகளுக்காக அதைத் திரவமாக்க எண்ணினார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட கரைப்பான் டை எத்திலீன் கிளைக்கால். சுவை பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள். நஞ்சா இல்லையா என்று மட்டும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கச் சொல்லி அன்று சட்டமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள்.

கொன்றது மருந்தா, கரைப்பானா என்று கண்டறியும் பணி சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெய்லிங் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அங்கே முனைவர் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்தவர் பிரான்சிஸ் ஓல்டம் என்ற இருபத்து மூன்று வயதுக் கனடியப் பெண். அவர் இடம் கேட்டு எழுதியபோது பேராசிரியர் அவரை ஆண் என்று எண்ணி 'மிஸ்டர்' என்று விளித்தே பதில் எழுதினாராம்! எலிகளுக்கு அந்தத் திரவத்தைக் கொடுத்து, அவற்றுக்கு நேர்ந்ததை நாள்தோறும் கவனித்து எழுதும் வேலையில் அவரும் ஈடுபடுத்தப்பட்டார். குற்றவாளி கரைப்பானே என்பது உறுதியாயிற்று. அடுத்த ஆண்டில், அதாவது 1938இல், புதிய மருந்தை விற்பதற்கு முன் அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. அதே ஆண்டில் அந்தப் பெண்ணுக்கு முனைவர் பட்டமும் கிடைத்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1960ஆம் ஆண்டில் அவர் பிரான்சிஸ் கெல்சி என்ற பெயருடன் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில் அவர் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஐரோப்பாவில் தூக்கத்துக்கும், கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் தாராளமாக விற்கப்பட்டுவந்த தாலிடொமைடு என்ற மருந்து அது. நிறுவனம் அவசரப்படுத்தியது, மேலதிகாரிகளிடம் முறையிட்டது. அவர் மசியவில்லை. "இந்தச் சான்றுகள் போதா, மேலும் காட்டுங்கள்" என்று திருப்பித் திருப்பி எழுதினார். நரம்புகள் பாதிக்கப்படுவதாக ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, கருவிலிருக்கும் சிசுவுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, தாய் முயலின் உடல் சிதைத்துவிடும் கொய்னாவை அதன் கரு சிதைக்க முடியாமல் தவிப்பதை அவர் கண்டிருந்தார். 1961இன் இறுதியில் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. கையும் காலும் வளராமல் உலகெங்கும் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 10,000 என்று கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில் அந்த மருந்து அக்காலத்தில் விற்பனைக்கு அனுமதிக்கப்படவே இல்லை.

இந்த வரலாற்றைக் கேட்பவர், "நல்ல முனைவர் பயிற்சியின் மதிப்பை இது காட்டுகிறது" என்பார். உண்மை. ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கெய்லிங்கின் ஆய்வுக்கூடத்தில் கெல்சி பெற்ற பயிற்சியை எந்த வெளிக்குழுவும் வந்து பார்த்து முத்திரை குத்தவில்லை. பேராசிரியர் நல்லவர், வந்த மாணவி கூரியவர், அமைந்த வேலை அரியது. முத்திரை இல்லாமலே முழுமையான பயிற்சி நடந்தது. அப்படியானால் அங்கீகாரம் எதற்கு?

எல்லா மாணவருக்கும் ஒரு கெய்லிங் கிடைப்பதில்லை என்பதற்காகத்தான் என்று நாம் சொல்வோம். ஒரு பேராசிரியரிடம் இரண்டு மூன்று மாணவர்கள் இருந்த காலம் போயிற்று. இன்று ஒரே நெறியாளரிடம் பத்துப் பன்னிரண்டு பேர் பதிந்துகொண்டு, மாதக்கணக்கில் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பவர்களும் உண்டு. ஆய்வுகளின் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு அவற்றின் நம்பகம் பெருகியிருக்கிறதா? 2011ஆம் ஆண்டில் பேயர் என்ற ஜெர்மன் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் வெளியானவற்றை நம்பித் தாங்கள் தொடங்கிய 67 திட்டங்களில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குத்தான் தங்கள் ஆய்வுக்கூடத்திலும் அதே முடிவு கிடைத்தது என்றார்கள். மறு ஆண்டு ஆம்ஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் புற்றுநோய் ஆய்வில் பெயர்பெற்ற 53 கட்டுரைகளை எடுத்து மீண்டும் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின. இத்தகைய ஆய்வுகளில் கையால் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் யார்? முனைவர் பட்ட மாணவர்களும், பட்டம் முடித்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களும்தாம். அவர்களெல்லாம் பொய் சொன்னார்கள் என்பது நம் கருத்தன்று. எண்களை எவ்வாறு காப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே நாம் காண்பது.

பொய்யும் இல்லாமற் போகவில்லை. ஐதராபாத்தில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில், மலிவு விலை மருந்துகள் மூல மருந்துக்கு நிகரானவைதாமா என்று சோதித்த ஆய்வுகளில், தொண்டர்களின் இதயத்துடிப்புப் பதிவுகள் போலியாகச் சேர்க்கப்பட்டிருப்பதைப் பிரெஞ்சு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். 2015 ஜனவரியில் ஐரோப்பாவில் ஏறத்தாழ 700 மருந்துகளின் அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கப்பட்டது. ஒருவருடைய இதயப் பதிவை இன்னொருவர் பெயரில் ஒட்டியவர் அதைச் சின்ன வேலை என்று எண்ணித்தான் செய்திருப்பார்.

சரி, அங்கீகாரக் குழு ஒன்று மருந்து அறிவியல் முனைவர் பயிற்சியைப் பார்க்க வருவதாக வைத்துக்கொள்வோம். எதைப் பார்க்கும்? எதைப் பார்க்க வேண்டும்?

ஆய்வேட்டைப் பார்ப்பது அதன் வேலையன்று. அதற்கு வெளித்தேர்வாளர் இருக்கிறார். வாய்மொழித் தேர்வு இருக்கிறது. குழு கேட்க வேண்டியது மாணவரின் குறிப்பேட்டை. பக்கங்களுக்கு எண் இருக்கிறதா? நாள் இட்டிருக்கிறதா? தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்திருக்கிறாரா, அல்லது தாளையே கிழித்துவிட்டாரா? மாத்திரை கரையும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஆறு கண்ணாடிக் கலங்களில், 37 பாகை வெப்பத்தில் உள்ள திரவத்தில், ஆறு மாத்திரைகளை இட்டுத் துடுப்பைச் சுழலவிடுவார்கள். ஐந்து ஒழுங்காகக் கரைகின்றன. ஆறாவது முரண்டு பிடிக்கிறது. மாணவர் என்ன செய்கிறார்? சோதனையை மறுபடி செய்து, இரண்டாம் முறை ஆறும் கரைந்ததும் முதல் முறையை மறந்துவிடுகிறாரா? அல்லது ஆறாவது மாத்திரை ஏன் கரையவில்லை என்று தேடுகிறாரா? நல்ல விடை வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது கூடாது என்று 1993ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. மருந்துத் தொழிற்சாலைகளில் இது பாலபாடம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் இந்தப் பேச்சே எழாமல் நான்கு ஆண்டுகளை முடித்துவிட்டு வெளியே வரும் முனைவர்கள் இருக்கிறார்கள். இப்படி வருகிறவரைத்தான் தொழிற்சாலை தன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக்க எண்ணுகிறது!

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மருந்துப் பாதுகாப்பு ஆய்வுகளை நடத்தும் வணிக ஆய்வுக்கூடங்களுக்கு 'நல்ல ஆய்வுக்கூட நடைமுறை' என்ற விதிகள் 1970களின் இறுதியிலிருந்தே உள்ளன. ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் நடந்த பெரும் மோசடி வெளிப்பட்ட பிறகு வந்தவை அவை. அந்த விதிகளின்கீழ் நடக்கும் ஆய்வுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் உலக ஏற்பாட்டில் சிங்கப்பூர் 2010இலும் மலேசியா 2013இலும் சேர்ந்தன. ஆக, ஆய்வுக்கூடத்தைச் சோதிக்கிறோம், கருவியைச் சோதிக்கிறோம், குறிப்பேட்டைக்கூடச் சோதிக்கிறோம். அங்கே வேலை செய்யப் போகிறவர் பழக்கங்களைக் கற்றுக்கொண்ட இடத்துக்கு மட்டும் போவதில்லை.

அடுத்து, பயிற்சியின் அகலம். மருந்து அறிவியல் என்பது ஒரு துறையன்று. பல துறைகள் கூடும் சந்தை. நுண்துகள்களில் மருந்தை ஏற்றுவது பற்றி நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தவருக்கு, அதே மருந்து நம் வீட்டு அலமாரியில் இரண்டு ஆண்டுகள் கெடாமல் இருக்குமா என்று கண்டறியும் முறை தெரியாமலிருக்கலாம். இங்கே நம் நாடுகளுக்கென ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. பிரிட்டன் போன்ற மிதவெப்ப நாடுகளில் மருந்தின் ஆயுளைச் சோதிக்க 25 பாகை வெப்பமும் 60 விழுக்காட்டு ஈரப்பதமும் போதும் என்பது விதி. ஆசியான் நாடுகளில் 30 பாகையும் 75 விழுக்காடும் வேண்டும். லண்டனில் தேறும் மாத்திரை கிள்ளானில் பிசுபிசுத்துப்போவது இதனால்தான். வெளிநாட்டுத் தொழிற்கழகம் ஒன்றின் அங்கீகார விதிகளை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டினால், இந்தக் கேள்வி அந்தப் பட்டியலில் இராது. அங்கீகாரம் வேண்டும் என்கிற நாம், கடன் வாங்கிய அங்கீகாரத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியாக வேண்டும்.

குழு செய்ய வேண்டிய இன்னொரு காரியம் மாணவர்களைத் தனியே சந்திப்பது. நெறியாளரோ துறைத்தலைவரோ அறையில் இருக்கக் கூடாது. எங்கள் நெறியாளர் மிகவும் நல்லவர் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னால், ஏதோ சொல்லித்தந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தொடங்கியவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், நடுவில் விட்டுப்போனவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்விகள் ஆய்வேடுகளைவிட அதிகம் பேசும். மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் ஆய்வென்றால், இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி எத்தனை ஆண்டுகள் முடிவுகளை வெளியிடாமல் வைத்திருக்கலாம், மருந்துக்குப் பாதகமான முடிவு வந்தால் அதை ஆய்வேட்டில் எழுத மாணவருக்கு உரிமை உண்டா என்றும் கேட்க வேண்டும். கேட்கிற குழுவிலேயே அந்த நிறுவனத்தின் ஆள் அமர்ந்திருந்தால் கேள்வி எழாது. தொழில்துறையினர் குழுவில் இருப்பது பயனுள்ளதே. ஆனால் அவர்கள் கை மேலோங்கினால் முனைவர் பயிற்சி நிறுவனங்களுக்கு ஆள் தயாரிக்கும் பட்டறையாகிவிடும்.

இவற்றையெல்லாம் பார்க்க வேண்டுமானால், பார்ப்பதற்கு 'பயிற்சி' என்று ஒன்று இருக்க வேண்டும். பிரிட்டனில் 2009ஆம் ஆண்டிலிருந்து முனைவர் பயிற்சி மையங்கள் பல நிறுவப்பட்டன. மாணவர்கள் ஓரணியாகச் சேர்கிறார்கள். நான்கு ஆண்டுகள் பயில்கிறார்கள். தொடக்கத்தில் பொதுப் பாடங்களும், இடையில் பயிலரங்குகளும் உண்டு. நாட்டிங்காம் பல்கலைக்கழகம் மருந்து ஆய்வுக்காக இத்தகைய மையங்களை நடத்தியிருக்கிறது. அங்கே குழு வந்தால் காட்டுவதற்குப் பாடத்திட்டம் உண்டு, பொறுப்பாளர் உண்டு. நம் பக்கத்துப் பழைய வழக்கம் வேறு. ஒரு மாணவர், ஒரு நெறியாளர், ஒரு தலைப்பு. நெறியாளர் வெளிநாடு போய்விட்டால் மாணவர் அனாதை. இதற்கு அங்கீகாரம் கொடுப்பதானால் எதற்குக் கொடுப்பது? நெறியாளரின் மேசைக்கா?

மலேசியாவில் இன்றைய ஏற்பாடு என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். மருந்தாளுநராகப் பதிந்துகொள்ள வேண்டிய இளங்கலைப் பட்டத்தை மலேசிய மருந்தாளுநர் வாரியம் கவனிக்கிறது. 1951ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பதிவுச் சட்டம் அதன் அடிப்படை. பட்டங்கள் அனைத்துக்கும் பொதுவாக எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதிகள் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் தகுதிப் படிகளில் முனைவர் பட்டம் எட்டாவது, உச்சப்படி. 2010ஆம் ஆண்டில் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தங்கள் பட்டங்களைத் தாங்களே அங்கீகரித்துக்கொள்ளும் உரிமை வழங்கப்பட்டது. ஆனால் தொழிற்கழகத்தின் ஒப்புதல் தேவைப்படும் பட்டங்கள் இந்த உரிமைக்கு உட்படா. இதன் விளைவு யாதெனில், அந்தப் பல்கலைக்கழகங்களில் மருந்தாளுநர் பட்டம் வெளியாரின் முன் நிற்க வேண்டும். மருந்து அறிவியல் முனைவர் பட்டம் வீட்டுக்குள்ளேயே தேர்ச்சி பெற்றுவிடும். அமெரிக்காவின் கீழ்மாடி மேல்மாடிக் கதை இங்கும் உண்டு.

பேராசிரியர்கள் சொல்லும் மறுப்பில் வலு உண்டு. ஆராய்ச்சி என்பது தெரியாததைத் தேடிப் போவது. வழியில் எத்தனை மைல்கல் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. படிவங்களை நிரப்புவதில் காலம் போனால் எலிக்கு மருந்து கொடுப்பது யார்? 2005ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சால்ஸ்பர்க் நகரில் கூடி முனைவர் பயிற்சிக்கெனப் பத்துக் கொள்கைகளை வகுத்தபோது, சொந்த ஆராய்ச்சியின் வாயிலாக அறிவை வளர்ப்பதே இப்பயிற்சியின் மையம் என்பதைத்தான் முதலில் வைத்தன. அதைக் கைவிட்டுவிட்டு வகுப்பு, புள்ளி, வருகைப் பதிவு என்று எண்ணிக்கொண்டிருந்தால் முனைவர் பட்டம் நீண்டுபோன இளங்கலைப் பட்டமாகிவிடும். அங்கீகாரக் குழு வரும் மாதத்தில் மட்டும் சுவர்களுக்கு வெள்ளையடித்து, கோப்புகளுக்குப் புது அட்டை போடுவதை நாம் பார்க்காதவர்கள் அல்லர்.

ஆகவே நம் கருத்து இது: தலைப்பைத் தொடாதே, முடிவைத் தொடாதே, எத்தனை கட்டுரை என்று எண்ணாதே. பட்டறையைப் பார், குறிப்பேட்டைப் பார், மாணவரிடம் பேசு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு நாள் வந்து இவற்றைப் பார்ப்பதால் எந்த மேதையின் கையும் கட்டப்படாது. கெய்லிங்கின் கூடத்துக்கு அத்தகைய குழு வந்திருந்தால், எலிகளைப் பற்றி எழுதிவைத்த தாள்களைப் பார்த்துவிட்டு மனநிறைவோடு திரும்பிப் போயிருக்கும்.

குழு வரும்வரை காத்திருக்க முடியாத பெற்றோருக்கும் மாணவருக்கும் ஓரிரு வார்த்தைகள். ஊழியர் சேமநிதியை எடுத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. பதிந்துகொள்வதற்கு முன் நெறியாளரிடம் இப்போது எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக அவரிடம் பட்டம் முடித்தவர் எத்தனை ஆண்டுகளில் முடித்தார், இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேளுங்கள். இரண்டாவது நெறியாளர் பெயரளவில் இருக்கிறாரா, உண்மையாகவே இருக்கிறாரா என்று கேளுங்கள். அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரோடு வெளியில் ஒரு தேநீர்க் கடையில் அரை மணி நேரம் பேசினால், எந்த விளம்பர ஏட்டிலும் இல்லாதது தெரிந்துவிடும். இவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டா. கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்கும் நெறியாளரிடம் நான்கு ஆண்டுகள் எவ்வாறு கழியும் என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. வேதியியலிலோ உயிரியலிலோ இளங்கலைப் பட்டம் பெற்றுவிட்டு மருந்து அறிவியலில் முனைவர் பட்டம் பெறுகிறவர் 'டாக்டர்' ஆகலாம். மருந்தாளுநர் ஆக முடியாது. மருந்தகம் வைக்கவோ, மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணிபுரியவோ வாரியம் ஒப்புக்கொண்ட மருந்தாளுநர் பட்டமும், அதற்குப் பிந்திய பயிற்சியும், பதிவும் வேண்டும். இதை அறியாமல் மேற்படிப்பில் சேர்ந்து, பட்டம் கைக்கு வந்த பிறகு திகைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டத்தின் பெயரில் 'மருந்து' என்ற சொல் இருப்பது மட்டும் போதாது. எந்த வேலைக்காக அந்தப் பட்டம் என்பதைப் பல்கலைக்கழகத்திடமும் வாரியத்திடமும் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே கட்டணத்தைச் செலுத்துங்கள்.